ஹெரால்ட் வாங்கப் போகிறீர்களா? முதலில் பின்கதவைப் பாருங்கள்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் பார்க்கிறார்கள். பானெட்டைத் திறக்கச் சொல்வது, செல்ஃப் அடிக்கச் சொல்வது, புகையின் நிறத்தைக் கவனிப்பது, பிறகு பெயின்ட்டைத் தடவிக்கொண்டே விலை பேசுவது. நான்கு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும். அதன் இன்ஜின் பேரிங், பிஸ்டன் ரிங், பிரேக் சிலிண்டர் எல்லாம் இங்கிலாந்தில் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பின்கதவை உலகில் யாரும் செய்வதில்லை.

காரணம் இந்தக் காரின் பிறப்பிலேயே இருக்கிறது. டிரையம்ஃப் ஹெரால்ட் 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961-லிருந்து 948 சிசி இன்ஜினோடு அதைச் செய்தது. முதலில் இரண்டு கதவு. இந்தியாவில் காரின் பின்சீட்டில்தான் முதலாளி உட்காருவார், தாத்தா பாட்டி உட்காருவார்கள். முன்சீட்டை மடக்கிக் குனிந்து நுழைய அவர்கள் தயாராக இல்லை. அதனால் அறுபதுகளின் பிற்பகுதியில் இங்கிலாந்திலேயே இல்லாத நான்கு கதவு ஹெரால்ட் இங்கே பிறந்தது. அதற்குப் பின்னால் வந்த கஸெல் என்ற மாடல் 1977 வரை உற்பத்தியில் இருந்தது. நான்கு கதவு ஹெரால்டின் பின்கதவு, அதன் கண்ணாடி, அதைச் சுற்றிய தகடு, கஸெலின் முன் கிரில், பின் விளக்கு எல்லாமே இங்கே மட்டும் செய்தவை. இழந்தால் இன்னொரு செத்த வண்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும். பின்கதவின் அடிவிளிம்பு உளுத்துப் போயிருந்தால், இன்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் விலையைப் பாதியாக்கிப் பேசுங்கள், இல்லையென்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

முதல் பழைய கார் என்றால் பிரீமியர் பத்மினிதான் சுலபம் என்று சொல்பவர்கள் உண்டு. தப்பில்லை. பாகம் அதிகம், மெக்கானிக் அதிகம். ஆனால் தானே ஸ்பேனர் பிடிக்க ஆசைப்படுகிறவருக்கு ஹெரால்டைப் போல ஒரு பள்ளிக்கூடம் கிடையாது. பானெட்டும் இரண்டு முன் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்துவிடும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். அந்த வசதியை எந்தப் பத்மினியும் தராது.

வண்டியைத் தொடுவதற்கு முன் காகிதம். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் இருப்பவையோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்போக வேண்டும். எத்தனையோ ஹெரால்டுகளில் வேறு வண்டியின் இன்ஜின் ஏறியிருக்கிறது. அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறவில்லை என்றால் பெயர் மாற்றும்போது அங்கேயே நிற்கும். விற்பவரின் பெயரில் ஆர்.சி. இருந்தால் படிவம் 29, 30 போதும். வேறு மாநில வண்டியென்றால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்றும் வேண்டும். இந்த வயது வண்டிகளில் அடிக்கடி வருவது வேறு சிக்கல்: ஆர்.சி. காலமான தாத்தாவின் பெயரில் இருக்கும், விற்க வருபவர் பேரன். அப்போது வாரிசு படிவம் 31 மூலம் தன் பெயருக்கு மாற்றிய பிறகுதான் உங்களுக்கு மாற்ற முடியும். ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள்’ என்பதை நம்பி முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். மற்ற வாரிசுகளின் சம்மதக் கையெழுத்து வர ஆறு மாதமும் ஆகலாம்.

2021-ல் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவத்தில் இருக்கும் கார் வின்டேஜ் பதிவுக்குத் தகுதி பெறும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஹெரால்டுகள் எல்லாமே இப்போது இந்த வயதைத் தாண்டிவிட்டன. ஆனால் வின்டேஜ் பதிவில் உள்ள வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பத்தோடு மகாபலிபுரம் வரை போய் வர வேண்டும் என்று நினைப்பவர், சாதாரணப் பதிவு உயிரோடு இருக்கும் வண்டியைத் தேடி, அதன் எஃப்.சி.யை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போவதுதான் உத்தமம்.

இனி தகடு. ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. நடுவில் இரண்டு பெட்டி வடிவக் கட்டைகள் நீளவாட்டில் ஓடும். அவற்றிலிருந்து இரு பக்கமும் கைகள் நீளும். பாடி அந்தக் கைகளின் மேல் போல்ட்டில் நிற்கிறது. நடுக்கட்டைகள் கனமானவை, பெரும்பாலும் தப்பித்துவிடும். துருப்பிடிப்பது கைகள்தான், குறிப்பாக முன்சீட்டுக் கால்வைக்கும் இடத்துக்குக் கீழேயும் டிக்கிக்குக் கீழேயும். ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டிங்’ என்னும். உளுத்த இரும்பு ஈர அட்டையைத் தட்டியதுபோல் மொத்தென்று கேட்கும். தார் கனமாகப் பூசிய இடத்தைச் சந்தேகப்படுங்கள். ஓட்டையின் மேல் தகடு வைத்து வெல்டிங் அடித்து, அதன் மேல் தார் பூசுவது பட்டறை வழக்கம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் உப்புக்காற்றில் வாழ்ந்த வண்டியைவிடக் கோயம்புத்தூர், சேலம் பக்கத்து வண்டிக்கு இந்த விஷயத்தில் ஆயுசு கெட்டி.

பிறகு கதவு இடுக்கு. நான்கு கதவையும் மூடி, சுற்றிலும் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். கீழே குறுகி மேலே விரிந்திருந்தால் சேசிஸோ பாடியோ தொய்ந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் சேசிஸின் பக்கவாட்டில் ஜாக்கி கொடுத்து ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடுங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரிய மாறினாலோ கதவு சிக்கினாலோ அந்தப் பக்கத்துக் கைகள் பெயருக்குத்தான் இருக்கின்றன. துணி சுற்றிய சிறு காந்தத்தை மட்கார்டு, கதவு அடி, டிக்கி ஓரம் எல்லாம் ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. அரைக்கால் அங்குலப் பட்டியை மன்னிக்கலாம். கட்டைவிரல் கனத்துக்கு அப்பிய பட்டி ஒருநாள் மழையில் கட்டியாக விழும்.

ஹெரால்டின் பாடியைத் துண்டு துண்டாகக் கழற்றலாம். அது வரம், சாபமும் அதுவே. முன்துண்டும் பின்துண்டும் சேரும் இடத்திலிருக்கும் ரப்பர் காய்ந்தால் மழைநீர் கால்விரிப்பின் கீழே இறங்கும். பாடியைச் சேசிஸிலிருந்து தூக்குவதாக இருந்தால், தூக்குவதற்கு முன்பே கதவு திறப்புகளின் குறுக்கே ஆங்கிள் இரும்பை வெல்டிங் வைத்து இறுக்கிவிடுங்கள். அப்படிச் செய்யாமல் தூக்கிய பாடி வாய் பிளந்துவிடும். திரும்ப உட்கார வைக்கும்போது கதவு எதுவும் பூட்டாது. இந்தத் தவறைத் திருத்த ஆகும் டிங்கரிங் செலவு, வண்டி வாங்கிய விலையை எட்டும்.

இவ்வளவும் தேறிய பிறகுதான் இன்ஜின். அதில் முதலில் பார்க்க வேண்டியது புகையை அல்ல. ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்து மிதித்து விடட்டும். நீங்கள் முன்னால் நின்று ஃபேன் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியைப் பாருங்கள். புல்லி முன்னும் பின்னும் நகர்கிறதா? இந்த இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் தடுப்பவை, கடைசி மெயின் பேரிங்கில் இருக்கும் இரண்டு அரைநிலா வடிவ த்ரஸ்ட் வாஷர்கள். இடைவெளி 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருக்க வேண்டும். 0.40-ஐத் தாண்டிவிட்டால் உடனே கவனிக்க வேண்டும். கண்ணால் பார்க்கும்போதே ‘டக் டக்’ என்று நகர்ந்தால் வாஷர் தேய்ந்து, கீழே ஆயில் தேங்கும் சம்ப்பில் விழுந்துகிடக்கவும் வாய்ப்புண்டு. அதன் பிறகும் ஓட்டினால் கிராங்க் நேராக இன்ஜின் பிளாக்கையே கடைந்துவிடும். அந்த பிளாக் அதோடு பழைய இரும்புக்குத்தான்.

சரியான நேரத்தில் பிடித்தால் இது சின்ன வேலை. இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. சம்ப்பைக் கழற்றி, பின் மெயின் கேப்பை இறக்கி, பழைய வாஷரைச் சுற்றி வெளியே தள்ளிவிட்டுப் புதியதை நுழைக்கலாம். எண்ணெய் வழியும் பள்ளங்கள் உள்ள முகம் கிராங்க்கின் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டியவர்கள் உண்டு, ஆயிரம் கிலோமீட்டருக்குள் திரும்பவும் சம்ப் இறங்கும். தேய்மானம் அதிகமென்றால் 0.005 அங்குலம் கூடுதல் கனமான வாஷர் கிடைக்கிறது. வாஷர் ஏன் தேய்கிறது என்றால், கிளட்ச்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அழுத்தம் முழுவதும் இதன் மேல்தான் விழுகிறது. சிக்னலில் முதல் கியரில் கிளட்ச்சை மிதித்தபடி 90 நொடி நிற்பது நம் ஊர்ப் பழக்கம். ஹெரால்டில் நியூட்ரலுக்குப் போட்டுவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். புறப்படும்போது வண்டி முழுக்க நின்ற பிறகே முதல் கியர் போடுங்கள். ஓடும்போது கியர் உரசாமல் சேர உதவும் சிங்க்ரோ முதல் கியருக்குக் கிடையாது.

புகையைப் பிறகு பார்க்கலாம். ஏற்றத்தில் நீலப்புகை வந்தால் ரிங், இறக்கத்தில் காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போது வந்தால் வால்வ் கைடு. நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக் கம்ப்ரஷன் அளந்தால் நான்கு சிலிண்டருக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஆயிலுக்கு இந்த வண்டியில் விளக்குதான், மீட்டர் கிடையாது. விளக்கு அணைந்துவிட்டது என்பதால் அழுத்தம் போதும் என்று அர்த்தமில்லை. ஒரு தற்காலிக மீட்டரை மாட்டி, சூடேறிய இன்ஜின் ஓட்ட வேகத்தில் 40 முதல் 60 பி.எஸ்.ஐ. காட்டுகிறதா என்று பாருங்கள்.

ஹெரால்ட் வாங்கியவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஒரு விஷயத்தைச் சொல் என்றால் ட்ரனியனைத்தான் சொல்ல வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பின் அடியில் மரை வெட்டியிருக்கும். அது ட்ரனியன் என்ற வெண்கலக் கட்டிக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. வண்டியின் முன்பாரமும் அதன் மேல்தான். இதற்குப் போட வேண்டியது ஈ.பி. 90 கியர் ஆயில். கிரீஸ் கூடாது. கிரீஸ் கெட்டியானது, மரையின் மேற்சுற்று வரை ஏறாது. கீழே கிரீஸ் இருக்க, மேலே மழைத்தண்ணீர் இறங்கி நின்று இரும்பை அரிக்கும். ஒருநாள் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது அந்த இரும்பு முறிந்து, சக்கரம் மடங்கி, வண்டி முழங்காலிட்டுவிடும். பார்க்கிங்கில் முறிந்தால் அதிர்ஷ்டம்.

தெருமுனைப் பட்டறையில் சர்வீஸுக்கு விட்டால், நிப்பிளைக் கண்டதும் பையன் கிரீஸ் கன்னை எடுப்பான். அவனைக் குறை சொல்லி என்ன பயன், அவன் கைக்கு வந்த எல்லா வண்டிக்கும் கிரீஸ்தான். அதனால் இந்த ஒரு வேலையை நீங்களே செய்யுங்கள். ஒரு கிரீஸ் கன்னை வாங்கிச் சுத்தமாகக் கழுவி, ஈ.பி. 90 நிரப்பி, ‘ட்ரனியனுக்கு மட்டும்’ என்று பெயின்ட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் பாரம் மரையிலிருந்து விலகிய நிலையில், மேலே ஆயில் கசியும் வரை அடியுங்கள். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிவிட்டு மறுபடி அடியுங்கள். பழைய கையேட்டுக் கணக்கில் இது 6,000 மைலுக்கு ஒருமுறை. குறைவாக ஓடும் பொழுதுபோக்கு வண்டிக்குக் கிலோமீட்டரைப் பார்க்காமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வதும், மழைக்காலம் தொடங்குமுன் கூடுதலாக ஒருமுறை அடிப்பதும் நல்லது. சரித்திரம் தெரியாத வண்டியை வாங்கினால் முதல் மாதமே இரண்டு பக்கமும் கழற்றி, மரையை மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள். குழி விழுந்திருந்தாலோ நுனி தேய்ந்து கூர்ந்திருந்தாலோ லேத்தில் உருவாக்கிய மாற்று வேண்டாம். இங்கிலாந்திலிருந்து புதிய ஜோடியையே வரவழைத்துவிடுங்கள். சுங்க வரி வலிக்கத்தான் செய்யும்.

பல வருஷம் ஷெட்டில் நின்ற வண்டியை வாங்கியிருந்தால், பேட்டரி மாட்டி உடனே செல்ஃப் அடிப்பதுதான் மிகப் பெரிய தவறு. சிலிண்டர் சுவரில் பூத்த துரு ரிங்கை உடைத்துவிடும். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் 5 மி.லி. அளவு மெல்லிய ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, இன்ஜினைக் கையால் சுழற்றுங்கள். முழுச்சுற்றும் தடையில்லாமல் வந்தால் பழைய ஆயிலை இறக்கி, 20டபிள்யூ-50 மினரல் ஆயில் சுமார் 4 லிட்டர் ஊற்றுங்கள். புதுக் கார்களுக்கான மெல்லிய சிந்தெடிக் ஆயிலை இதற்குப் போடாதீர்கள். பழைய சீல்கள் வழியே ஒழுகும். வால்வைத் தள்ளும் தட்டை டாப்பெட்டுக்குத் தேவையான துத்தநாகச் சேர்மமும் அதில் குறைவு. பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்து ஆயில் விளக்கு அணையும் வரை சுற்றவிடுங்கள். டேங்க்கிலுள்ள பெட்ரோலை நம்பாதீர்கள், அது இந்நேரம் வார்னிஷாகியிருக்கும். பம்ப்புக்கு வரும் குழாயை ஒரு பாட்டிலில் இட்டுப் புதுப் பெட்ரோலில் ஓட்டிப் பாருங்கள். கியர் விழவில்லை என்றால் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பெடலை ஒரு கட்டையால் அழுத்தி ஓரிரவு வைத்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

ஓட்டுவதற்கு முன் பிரேக். எல்லாச் சக்கரத்திலும் டிரம்தான், மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே சர்க்யூட். எங்கே ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அதனால் மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர்கள், வளையும் ரப்பர் ஹோஸ்கள் இவற்றைப் பார்த்து முடிவு செய்யாமல், மாற்றிவிட்டு ஓட்டுவதுதான் முறை. ஹோஸ் வெளியே பளபளவென்றிருந்தாலும் உள்ளே ஊதிப் போயிருக்கும். மிதித்த பிரேக் திரும்பாமல் டிரம் சூடானால் அதுதான் காரணம். டாட்-4 ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கிளட்ச்சும் ஹைட்ராலிக்தான், அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஷூவை அட்ஜஸ்ட் செய்யும்போது முன்சக்கரத்தில் அட்ஜஸ்டர் இரண்டு, பின்சக்கரத்தில் ஒன்று. ஒவ்வொன்றையும் சக்கரம் இறுகும் வரை திருகி, சுதந்திரமாகச் சுற்றும் அளவுக்கு மட்டும் பின்வாங்குங்கள். முன்பக்கத்தில் ஒன்றை மறந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. 1960-களின் ரப்பருக்கு அது விஷம். பம்ப்பின் டயாஃப்ரம், கார்பரேட்டர் வாஷர்கள், குழாய்கள் எல்லாம் ஊதிப் பிசுபிசுத்துப் போகும். ஃப்ளூரோ எலாஸ்டமர் அல்லது வைட்டான் என்று கேட்டு ஹோஸ் வாங்குங்கள். கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் சாதாரண கறுப்பு ஹோஸ் ஓராண்டு தாங்காது. எத்தனாலால் இன்ஜினுக்குப் போகும் காற்று-பெட்ரோல் கலவையில் காற்றின் பங்கு கூடிவிடும். பிளக் முனை சாம்பல் கலந்த பழுப்பாக இல்லாமல் சுண்ணாம்பு வெள்ளையாக வந்தால் கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றுங்கள். உதாரணத்துக்கு 110 என்று பொறித்திருந்தால் 115. சாலெக்ஸ் கார்பரேட்டரின் ஜெட்டில் எண் என்பது துவாரத்தின் விட்டம், மி.மீ.யில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. எத்தனால் டேங்க்கின் துருவையும் கிளறிவிடும் என்பதால் பம்ப்புக்கு முன்னால் ஒரு சின்னக் கண்ணாடி ஃபில்டர் அவசியம்.

ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-லேயே நின்றுவிட்டது. ஈயம் இல்லாமல் பழைய வால்வ் சீட் தேயும் என்ற பயம் நியாயமானது. ஆனால் வாரத்துக்கு 50 கிலோமீட்டர் நிதானமாக ஓடும் வண்டிக்கு அது மெதுவாகத்தான் வரும். அடையாளம் சொல்கிறேன்: எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி ஒவ்வொரு முறை அளக்கும்போதும் குறைந்துகொண்டே வந்தால் சீட் உள்ளே போகிறது. அப்போது ஹெட்டை இறக்கிக் கடினச் சீட் போட்டுக்கொள்ளலாம், அதுவரை தொட வேண்டாம். இடைவெளி குளிர்ந்த இன்ஜினில் 0.010 அங்குலம், எட்டு வால்வுக்கும் ஒன்றே. எதை எப்போது அளப்பது என்பதற்கு ‘ஒன்பதின் கணக்கு’ என்று ஒன்று உண்டு. எட்டாவது வால்வ் முழுக்க அமிழ்ந்திருக்கும்போது ஒன்றாவதை அளக்கலாம், ஆறாவது அமிழ்ந்தால் மூன்றாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது. டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025, ஃபயரிங் வரிசை 1-3-4-2. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஸ்பேனர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: வண்டி முழுக்க அங்குல நட்டு. அரை அங்குல நட்டில் 13 மி.மீ. ஸ்பேனர் ஏறும், ஏறி முனையை மழுக்கிவிடும். 7/16, 1/2, 9/16 இந்த மூன்றும் நல்ல இன்ச் ஸ்பேனராகக் கையில் இருந்தால் முக்கால்வாசி வண்டியைக் கழற்றிவிடலாம்.

சித்திரை, வைகாசி வெயிலில் வரும் வியாதி வேறு. இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம் இருப்பதால் கார்பரேட்டர் அடுப்பின் மேல் வைத்த பாத்திரம்போல் உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது ஒன்றும் தெரியாது. டீக்கடையில் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டுத் திரும்பினால் பம்ப்பில் பெட்ரோல் ஆவியாகி, ஸ்டார்ட் ஆகாது. கார்பரேட்டருக்குக் கீழே பேக்லைட் தகடும் எக்ஸாஸ்டுக்கு நடுவே ஒரு அலுமினிய மறைப்பும் வைத்து, பெட்ரோல் குழாயை ஹெட்டிலிருந்து இரண்டு விரல்கடை விலக்கினால் முக்கால்வாசி தீரும். வழியில் மாட்டிக்கொண்டால் பம்ப்பின் மேல் ஈரத்துணி போடுங்கள். சூடாகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது மெக்கானிக் வைத்தியம். குறை ரேடியேட்டர் கோரின் அடைப்பிலோ பிளாக்கின் பின்பகுதியில் படிந்த சேற்றிலோ இருக்கும். பிளாக்கின் வடிகால் செருகியைத் திறந்து, தண்ணீர் வராவிட்டால் கம்பியால் குத்திச் சேற்றை இறக்குங்கள். ரேடியேட்டர் மூடி 7 பி.எஸ்.ஐ.க்கு மேல் வேண்டாம். இன்றைய கார்களின் மூடி சுமார் 13 பி.எஸ்.ஐ.; அதை மாட்டினால் ஹீட்டர் குழாயோ ரேடியேட்டர் தொட்டியின் ஈயப் பற்றோ முதலில் விட்டுக்கொடுக்கும்.

வயரிங் பற்றிச் சுருக்கமாக. ஹெரால்டில் ஃப்யூஸ் என்பதே கிடையாது. உரிந்த வயர் ஒன்று பாடியைத் தொட்டால் எரியப் போவது வயர்தான். பேட்டரியில் ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச், லைட்டுக்கும் ஹாரனுக்கும் தனித்தனி இன்லைன் ஃப்யூஸ் போடுங்கள், இதற்காக யாரும் மூலவடிவம் கெட்டது என்று சொல்லப் போவதில்லை. பேட்டரி மாட்டும் முன் எர்த் எந்தப் பக்கம் என்று பாருங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பல பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும்.

பின்பக்கம் ஒரே ஒரு குறுக்கு ஸ்பிரிங் பட்டை, இரண்டு சக்கரத்துக்கும் பொது. சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும். இந்த அமைப்பு வாங்கியவர்களுக்கும் நம் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை என்பதால் கஸெலில் நேர் ஆக்ஸிலுக்கு மாறினார்கள். பட்டை தொய்ந்தால் சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாயும். ஜாக்கியில் தூக்கி இறக்கியவுடன் அளக்காதீர்கள்; சக்கரத்தின் அடிப்பக்கம் உள்ளே மடங்கி நிற்கும், பத்தடி உருட்டிவிட்டுப் பாருங்கள். கியர் மாற்றும்போது பின்னால் ‘டக்’ என்று கேட்டால் ஆக்ஸிலின் கிராஸ் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. வளைவில் வேகமாக நுழைந்துவிட்டுப் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் வெளிப்புறப் பின்சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும், வண்டி சுற்றிவிடும். ஏலகிரி வளைவுகளில் வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, லேசாக மிதித்தபடி திரும்ப வேண்டும். டயருக்கு அலைய வேண்டாம். பழைய வேகன்-ஆருக்குப் போடும் 145/80 ஆர்13 சரியாக உட்காரும். பின்சக்கரத்தில் காற்று முன்சக்கரத்தைவிட 3, 4 பி.எஸ்.ஐ. கூடுதலாக இருக்கட்டும். கியர்பாக்ஸில் ஜி.எல்-4 வகை 90 ஆயில்தான், ஜி.எல்-5-ல் உள்ள கந்தகச் சேர்மம் பித்தளை சிங்க்ரோ வளையங்களைத் தின்றுவிடும்.

நிறுத்தி வைக்கும்போது பிளாஸ்டிக் உறை போர்த்தினால் உள்ளே வேர்த்து, தகடு அழுகும். பருத்தித் துணி நல்லது. வாரம் ஒருமுறை ஷெட்டிலேயே ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைப்பதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 20 கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஐந்து நிமிஷ ஓட்டத்தில் ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீர் சேருமே தவிர, காய்வதற்குள் நிறுத்தியிருப்பீர்கள்.

வெளியே கிளம்பும்போது டிக்கியில் ஃபேன் பெல்ட், பாயின்ட், கண்டென்சர், ரோட்டார், ஒரு ரேடியேட்டர் ஹோஸ், ஒரு லிட்டர் ஆயில், இரண்டு பாட்டில் தண்ணீர். கண்டென்சர் மட்டும் இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள், வெயிலில் சொல்லாமல் சாகும் பாகம் அதுதான். சென்னையின் உதிரிபாகக் கடைத்தெருக்களான புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் கிடைப்பதில் ஓட்டிப் பார்த்துத் தேறியதையே ஸ்பேராக வைக்க வேண்டும், பெட்டி பிரிக்காததை அல்ல. தீயணைப்பானை மட்டும் டிக்கியில் வைக்காதீர்கள். பெட்ரோல் டேங்க் அங்கேதான் இருக்கிறது. தீயணைப்பான் முன்சீட்டுக்குக் கீழே, டிரைவரின் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.